அத்தை ஒரு சான்று

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறியா தங்கச்சி? கீழ வச்சா சட்டை கசங்கிரும். அவுக சட்டை. இப்பவே போட்டுக்கிட்டு வந்தா பஸ்ஸுல வேர்த்து ஊறிப்போகும், அங்க போய் மாத்திக்கிறேன்னாக. தேச்சு மடிச்சு, மேல ஒரு துண்டையும் வச்சுக் கொண்டாறேன். அதோ, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, ஜன்னல்ல தலை சாய்ஞ்சு தூங்குறாக பாரு, அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. புதுக்கோட்டையில ஏறினதும் ஓடிப்போய் அவுகளுக்கு மட்டும் இடம் பிடிச்சுட்டாக. எனக்கு இங்க உன் பக்கத்துல கிடைச்சுச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்.

நீ திருச்சி வரைக்குமா? நாங்க அதுக்கு முன்னாடியே இறங்கணும். மாத்தூர் தாண்டினா ரோட்டு மேலேயே ஒரு பொம்பளைப் பிள்ளைக காலேஜ் இருக்கும்ல, அங்க. மகளிர் தின விழா. அவுகளுக்குப் பொன்னாடை போத்துறாக.

சிரிக்காத. மகளிர் தினத்துக்கு ஆம்பளைக்கு எதுக்குப் பொன்னாடைன்னுதானே நினைக்கிற? நானும் நினைச்சேன். அந்தக் காலேஜு மேடமே போன் போட்டாக, ஜெசிந்தா மேடம். "சாரை அவசியம் கூட்டிட்டு வாங்க, எங்க பிள்ளைங்க எல்லாம் அவரைப் பாக்கணும்ங்கிறாங்க"ன்னாக. கடைசியில, "நீங்களும் வாங்கம்மா"ன்னு ஒண்ணு சேத்துக்கிட்டாக. சரிங்க மேடம்னு வச்சுட்டேன்.

நான் பொதுவா வீட்டு விஷயத்தை வெளியில பேசுற ஆளு இல்ல தங்கச்சி. எங்க தெருவுல கேட்டுப்பாரு, செல்வநாயகி வாயிலேருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாதும்பாக. ஆனா இன்னைக்கு யார்கிட்டயாவது கொட்டலைன்னா, அந்த மேடையில போய் என்ன பேசி வைப்பேனோன்னு எனக்கே பயமா இருக்கு. நீ யாரோ, நான் யாரோ. கேட்டுட்டு மறந்துரு.

எல்லாம் எங்கண்ணன் மகளால வந்தது. மிருதுளான்னு பேரு. அந்தக் காலேஜுலதான் ரெண்டாவது வருசம் படிக்கிறா. எனக்குப் பிள்ளைக இல்ல, அவதான் எனக்குப் பிள்ளை. எங்கண்ணி வேலைக்குப் போற ஆளு. அதனால பள்ளிக்கூடம் விட்டா நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவா. தலை பின்னி விட்டது நான், சோறு போட்டது நான், ஓட்டப்பந்தயத்துல எப்படிக் குனிஞ்சு நிக்கணும், எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்கணும்னு சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அப்படி வளத்த பிள்ளை. அவ என்னை இப்படிச் செய்வான்னு கனவுலயும் நினைக்கல.

இந்த வருசம் அவளுக்கு வாதக் கட்டுரைன்னு ஒரு பாடம். ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டு, இது சரி இது தப்புன்னு வாதாடி எழுதணும். சும்மா எழுதிற முடியாது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஆதாரம் காட்டணும். யார் சொன்னா, எங்க சொன்னா, எந்தத் தேதியில சொன்னா, எல்லாத்தையும் கடைசியில பட்டியல் போடணும். புத்தகத்துலேருந்து எடுக்கலாம், பேப்பர்லேருந்து எடுக்கலாம், ஆளுகளை நேர்ல கேட்டும் எழுதலாம். அந்தப் பிள்ளை என்ன தலைப்பு எடுத்துச்சு தெரியுமா? கல்யாணத்துக்கு அப்பறம் பொம்பளைக வேலையை விடுறாகளே, அது அவுக இஷ்டமா, இல்லையா? இதுதான்.

ஒரு நாள் வந்தா. நான் முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கேன். போனைப் பக்கத்துல வச்சு, "அத்தை, பதிவு பண்ணிக்கலாமா?"ன்னு கேட்டா. பண்ணிக்கடின்னேன். "நீங்க ஏன் டீச்சர் வேலையை விட்டீங்க?"ன்னா.

நான் டீச்சரா இருந்தவ தங்கச்சி. பி.டி. டீச்சர். அறந்தாங்கிப் பக்கம் ஒரு பொம்பளைப் பிள்ளைக ஸ்கூல்ல. நாயகி டீச்சர்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதை விடு, அதெல்லாம் பழைய கதை, எனக்கு அதுல ஆசைன்னு ஒண்ணும் இல்ல. அவ கேட்டாளா, நான் எப்பவும் சொல்றதையே சொன்னேன். "நானாத்தான் விட்டேன். எனக்கு வீட்டைப் பாத்துக்கிறதுதான் பிடிச்சிருந்துச்சு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல." இத்தனை வருசமாச் சொல்லிச் சொல்லி, ரேஷன் கடையில கார்டு நம்பர் சொல்ற மாதிரி வாய் தன்னால சொல்லிரும். யோசிக்கவே வேணாம்.

"நிஜமாவா அத்தை?"ன்னா. நிஜமாத்தான்டின்னேன். "அப்ப உங்க பேரைப் போட்டுக்கலாமா?"ன்னா. தாராளமாப் போடுன்னேன்.

எனக்குப் பெருமையா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. காலேஜு பிள்ளைக எழுதுற கட்டுரையில என் பேச்சும் ஒரு ஆதாரமா வருதுன்னா சும்மாவா? ரெண்டு வாரம் கழிச்சு அச்சடிச்ச தாளை எடுத்துக்கிட்டு வந்தா, சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணும்னு. முதல்ல கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினேன். கல்யாணப் பத்திரிகை வந்தா எல்லாரும் அதைத்தானே பாப்போம், நம்ம பேரு எங்க இருக்கு, யாருக்கு மேல இருக்கு, யாருக்குக் கீழ இருக்குன்னு? பாத்தா, நேர்காணல்னு போட்டு, செல்வநாயகி, புதுக்கோட்டைன்னு முதல்ல என் பேரு. அதுக்குக் கீழ வைரவன், புதுக்கோட்டை. எங்க வீட்டுக்காரவுக பேரு!

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. என்னடி இது, மாமா பேரைக் கீழ போட்டிருக்க, முதல்ல மாமா பேரைப் போடுன்னேன். "அகரவரிசை அத்தை, அப்படித்தான் போடணும்"னு சிரிச்சா. எனக்குக் கூச்சம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அவுக பேருக்கு மேல என் பேரு வந்தது என் கல்யாணப் பத்திரிகையிலகூட இல்ல. மாமாவையும் கேட்டிருக்காளேன்னு அப்பத் தோணுச்சு. ஆனா ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்லியிருப்போம், அதுல என்னன்னு விட்டுட்டேன்.

"முழுசாப் படிச்சுப் பாருங்க அத்தை, ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க"ன்னு ரெண்டு தரம் சொன்னா. கண்ணாடி எங்கயோ கிடந்துச்சு. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன் தங்கச்சி, அவ நல்லதுக்குத்தான் வந்திருக்கான்னா, அங்கயே உக்காந்து எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கணுமா இல்லையா? அதைச் செய்யலையே!

கட்டுரைகள்ல அவளோடதுதான் நல்லா இருக்குன்னு அந்த மேடம் தேர்ந்தெடுத்துட்டாக. ஒரு சனிக்கிழமை, ஹால்ல எல்லாருக்கும் முன்னால வாசிக்கணும், வீட்டு ஆளுகளும் வரலாம்னு சொன்னாக. அண்ணனும் அண்ணியும் வேலைன்னுட்டாக. நாங்க ரெண்டு பேரும் போனோம். நான் அந்த மாம்பழக் கலர் பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டுப் போனேன். முன்வரிசையில உக்கார வச்சாக.

மிருது மைக்கு முன்னால நிமிந்து நின்னு வாசிச்சா. நான் சொல்லிக்கொடுத்த நிமிர்வு. கொஞ்ச நேரம் புள்ளிவிவரம், அது இதுன்னு போச்சு. அப்பறம் வாசிக்கிறா: "வேலையை விட்டது தங்கள் சொந்த விருப்பமே என்று சிலர் சொல்கிறார்கள். என் அத்தை செல்வநாயகி அவர்களில் ஒருவர்." எனக்கு முகமெல்லாம் மலர்ந்து போச்சு. பக்கத்துல இருந்த அம்மாவை இடிச்சு, நான்தான், நான்தான்னு சொல்றேன். நான் சொன்ன ஒரு வார்த்தை மாறாம அப்படியே வாசிக்கிறா. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலங்கிற வரைக்கும். நான் சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிறேன்.

அப்பறம் "ஆனால்"னு ஒண்ணு போட்டா பாரு.

"ஆனால் அவருடைய கணவர் வைரவன் என்னிடம் சொன்னது வேறு." அப்படீன்னு சொல்லிட்டு அவுக சொன்னதை வாசிக்கிறா: "நான்தான் விடச் சொன்னேன். அவளுக்கு இஷ்டமே இல்ல. அப்ப எனக்கு அது தப்பாத் தெரியல. இப்பத் தெரியுது." அதோட விட்டாளா? "பிறர் எடுத்த முடிவைத் தன் விருப்பம் என்றே ஒரு பெண் கடைசிவரை நம்பக்கூடும். அதற்கு என் அத்தை ஒரு சான்று."

நம்புறேனாம். நான் நம்புறேனாம் தங்கச்சி!

வாதக் கட்டுரையில எதிராளி என்ன சொல்றான்னு முதல்ல மரியாதையா எடுத்து வச்சுட்டு, அப்பறம் அதை உடைக்கணுமாம். அதுதான் முறையாம். நான் அந்த எதிராளி. முன்வரிசையில பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, என்னை எப்ப உடைப்பாகன்னு தெரியாம பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

முடிச்சதும் என்ன கைதட்டல்! மேடம் எந்திரிச்சாக. "வைரவன் சார் வந்திருக்காரா? எந்திரிங்க சார்"னாக. அவுக எந்திரிச்சுக் கும்பிட்டாக. "இந்த வயசுல, இவ்வளவு நேர்மையா, தன் தப்பைத் தானே ஒத்துக்கிற ஆம்பளையை நான் பாத்ததில்ல"ன்னாக மேடம். மறுபடியும் கைதட்டல். வெளிய வந்தா, பிள்ளைகள்லாம் அவுக கூட நின்னு போட்டோ எடுக்குதுக. ஒருத்தி எங்கிட்ட வந்தா. வந்து என் கையைத் தடவிக் கொடுத்து, "பாவம் ஆன்ட்டி நீங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. விவரம் தெரியாத ஆளைப் பாத்துச் சொல்ற மாதிரி.

அவுகளைச் சொல்லிக் குத்தமில்ல. நான் அவுகளைக் குத்தம் சொல்லவே மாட்டேன். நல்ல மனுசன். குடி கிடையாது, கைநீட்டினது கிடையாது. பிள்ளை இல்லைன்னு ஒரு நாள் என்னைப் பேசினது கிடையாது. இந்தப் பிள்ளைதான், நான் சொன்னதை நம்பாம, போய் ரெண்டாவது ஆளைக் கேட்டிருக்கு பாரு. ஒரே ஆளு சொல்றதை நம்பிரக் கூடாதாம், இன்னொரு ஆளை வச்சுச் சரிபாக்கணுமாம். பாடத்துல அப்படிச் சொல்லியிருக்காம். பெத்தவளுக்கு மேல வளத்த அத்தை சொல்றேன், எம் பேச்சைச் சரிபாக்க ஆளு தேடுதா அது?

கீரனூர் வந்துருச்சா? இன்னும் நேரம் இருக்கு. தண்ணி இருந்தா ஒரு வாய் கொடு.

உனக்கு ஒண்ணு சொல்றேன். இதை நான் எங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல.

அப்ப எங்க ஸ்கூல் கோ-கோ டீம் மாவட்டப் போட்டியில பைனலுக்கு வந்திருந்துச்சு. நான் தயார் பண்ணின பிள்ளைக. எல்லாம் காடுகரையில வேலை செய்யுற வீட்டுப் பிள்ளைக, ஓடினா காத்துதான். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாள் கிரவுண்டுல விசிலைத் தொலைச்சுட்டேன். அன்னைக்கு ரெண்டு விரலை வாயில வச்சு அடிச்சேன் பாரு, அது நிஜ விசிலைவிடத் தூரம் கேட்டுச்சு. அதுலேருந்து விரல்தான். கிரவுண்டு அந்தக் கோடியில நிக்கிற பிள்ளைகூட டக்குன்னு நிக்கும்.

யாரோ இதைப் பாத்துட்டுப் போய் டீக்கடையில சொல்லியிருக்கான். "வைரவன் பொண்டாட்டி விசிலடிச்சா ஊரே நிக்குதுப்பா, வைரவன் நிக்க மாட்டானா"ன்னு. எல்லாரும் சிரிச்சிருக்காக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவுக சாப்பிடல. மறுநாளும் சாப்பிடல. இத்தனைக்கும் அவுக ஒரு நாள்கூட கிரவுண்டுக்கு வந்தது கிடையாது. என் விசிலைக் காதால கேட்டது கிடையாது. அடுத்தவன் சொன்னதுதான். யாரோ சொன்னதைக் கேட்டு, இவுக போய் ஒரு வார்த்தை சரிபாக்கல.

மூணாம் நாள், "வேலையா நானா, நீயே முடிவு பண்ணிக்க"ன்னுட்டாக. நான் அழுதேன், சண்டை போட்டேன், பைனல் முடியட்டும்னு கெஞ்சினேன். ஒண்ணும் நடக்கல. எழுதிக் கொடுத்துட்டேன். கொடுத்துட்டு வந்து உக்காந்திருக்கேன், அவுக பக்கத்துல வந்து உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. "நாயகி, யாராச்சும் கேட்டா நீயா விட்டேன்னு சொல்லு. பொண்டாட்டியை வேலைய விட்டு நிறுத்துனான்னு ஊர்ல பேசுனா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். எனக்காகச் செய்யி"ன்னாக. கண்ணுல தண்ணி நின்னுச்சு அவுகளுக்கு. நான் சரின்னேன்.

சரின்னு சொன்னா சரிதான். மறுநாளே எங்கம்மாகிட்டச் சொன்னேன், நானாத்தான் விட்டேன்னு. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டச் சொன்னேன். அந்த அம்மா ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அப்பறம் பிள்ளைகள்கிட்டச் சொல்லணும்ல? டீம் கேப்டன் ராக்குன்னு ஒரு பிள்ளை. "டீச்சர், பைனல் முடிஞ்சு போகக் கூடாதா?"ன்னு கேட்டுச்சு. மூச்சு வாங்க, காலெல்லாம் செம்மண்ணு. நான் சொன்னேன், "எனக்குப் பிடிக்கலடி, அதான் போறேன்"னு. அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பாத்துச்சு. பைனல்ல தோத்துட்டாகன்னு அப்பறம் கேள்விப்பட்டேன். அந்த ராக்குவை எங்கயாவது பஸ்ஸு ஸ்டாண்டுல, கடைத்தெருவுல பாப்பேன். பாத்தும் பாக்காத மாதிரிப் போயிரும். போகாம என்ன செய்யும்? டீச்சருக்கு நம்மளைப் பிடிக்கலைன்னுதானே அதுக்குத் தெரியும்.

அதெல்லாம் அவுகளுக்காகத்தான். ஊர்ல ஒருத்தர் அவுகளை ஒரு வார்த்தை சொல்லியிருப்பாகளா? விடல நான். எத்தனை பேரு தோண்டித் தோண்டிக் கேட்டாக. எங்கண்ணியே கேட்டுச்சு. ஒரு நாள் ஒரு இடத்துல நான் வாய் தவறல. அந்த விஷயத்தை அவுக என்ன பண்ணினாக தெரியுமா? ஒரு சின்னப் பிள்ளை போனை நீட்டிக் கேட்டதும், சும்மா தூக்கிக் கொடுத்துட்டாக. கொடுத்துட்டுக் கைதட்டல் வாங்குறாக. அவுக உண்மை பேசுன ஆளு. நான் ஒண்ணும் தெரியாத ஆளு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீகன்னேன். "பிள்ளை கேட்டுச்சு, உண்மையைச் சொன்னேன். அதுல என்ன?"ன்னாக. நீங்கதானே என்னை அப்படிச் சொல்லச் சொன்னீகன்னேன். டிவியைப் பாத்துக்கிட்டு இருந்தவுக திரும்பினாக. "என்ன சொல்லச் சொன்னேன்?"

நானா விட்டேன்னு சொல்லச் சொன்னீகளே, கையைப் பிடிச்சுக்கிட்டு.

"நானா? எப்ப?"

நடிக்கல தங்கச்சி. அவுக நடிச்சா எனக்குத் தெரியும். நிஜமாவே ஞாபகம் இல்ல. "நீயாத்தானே அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. நான்கூட, சரி, இவ மனசைத் தேத்திக்கிட்டான்னுல்ல நினைச்சேன்"னுட்டு டிவி பக்கம் திரும்பிட்டாக. எனக்கு அப்பத்தான் வயிறு எரிஞ்சுச்சு. அந்த வேலையை விடும்போதுகூட அப்படி எரியல.

ராத்திரியெல்லாம் மனசு கேக்கல. காலையில மிருதுவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். சோறு போட்ட கையை இப்படிப் பண்ணலாமாடின்னு, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவ அழுதா. "அத்தை, உங்களை நான் எங்க குத்தம் சொன்னேன்? உங்களுக்கு அநியாயம் நடந்துச்சுன்னுதானே எழுதினேன். உங்களுக்காகத்தானே எழுதினேன்"னா. அப்பறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "தப்பா இருந்தா எது தப்புன்னு சொல்லுங்க, திருத்துறேன். ஆண்டு மலர்ல இந்தக் கட்டுரை வருது, இன்னும் அச்சுக்குப் போகல. விழாவுக்கு வரும்போது சொன்னாக்கூடப் போதும்"னா.

எது தப்புன்னு சொல்லுவேன்? நான் சொன்னது நான் சொன்னதுதான். அவுக சொன்னது உண்மைதான். பிள்ளை ஒரு எழுத்து மாத்தல. ஆனா மொத்தமும் தப்பு! சரி, நடந்ததைச் சொல்லிருவோம்னா, ரெண்டாவது ஆளு யாருன்னு கேப்பா. அந்த ரூம்புல நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். ஒருத்தருக்கு ஞாபகம் இல்ல. எம் பேச்சுக்கு ஆதாரம் ஏது? இத்தனை வருசம் நானே எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லி வச்சிருக்கேன். ஊரே எனக்கு எதிர் சாட்சி.

அதனால ஒண்ணு முடிவு பண்ணினேன். என் பேரை எடுத்துருன்னு சொல்லிர வேண்டியது. நான் அந்தக் கட்டுரையிலயே வேணாம். அதைச் சொல்லத்தான் இன்னைக்குக் கிளம்பினேன். இல்லைன்னா இந்தப் பொன்னாடையைப் பாக்க நான் எதுக்கு வாறேன்?

காலையில சட்டையைத் தேச்சுக்கிட்டு இருக்கேன். அவுக சவரம் பண்ணிக்கிட்டே கண்ணாடியைப் பாத்துச் சொல்றாக, "நாயகி, மேடையில உன்னையும் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாலும் சொல்லுவாக. 'ஆமா, அப்ப அவுகதான் நிறுத்தினாக, இப்ப மனசு மாறிட்டாக, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல'ன்னு சொல்லு. அழகா இருக்கும்."

நான் தேப்புப் பெட்டியை வச்சுட்டு நின்னுட்டேன்.

அப்பவும் நான் என்ன சொல்லணும்னு அவுகதான் சொன்னாக. இப்பவும் அவுகதான் சொல்றாக. நடுவுல மிருது போனை நீட்டினாளே, அப்ப நான் சொன்னதும் அவுக சொல்லிக்கொடுத்ததுதான். அந்தப் பட்டியல்ல என் பேருன்னு ஒண்ணு இருக்கே, அதுல என் பேச்சு எங்க தங்கச்சி இருக்கு? ரெண்டு பேருமே அவுகதான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.

நான் அவுகளைக் குத்தம் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல? சொன்னேன். அதை விட்ரு.

உங்கிட்டச் சொல்லிக்கிட்டு வரும்போதே ஒண்ணு தோணுது. என் பேரை எடுக்கச் சொல்லப் போறதில்ல. இருக்கட்டும். மிருதுவைக் கூப்பிட்டு, போனை வையிடி, இன்னொரு தரம் பதிவு பண்ணிக்கன்னு சொல்லப் போறேன். அத்தை நம்பல, அத்தைக்கு முதல் நாள்லேருந்து எல்லாம் தெரியும், மாமா கேட்டுக்கிட்டாகன்னுதான் அப்படிச் சொன்னேன், அவ்வளவுதான். இன்னைக்குத் தேதியைப் போட்டுக்கன்னு சொல்லணும். ராக்கு கதையையும் சொல்லணும். அந்தப் பொம்பளை எங்கயாவது இருந்து அந்த மலரைப் படிக்கவா போகுது? படிக்காது. இருந்தாலும் அச்சுல ஒரு இடத்துல இருக்கட்டும்.

உன் பேரு என்ன சொன்ன? நீ சொல்லவே இல்லையா? பாரு, இவ்வளவு நேரம் நானே பேசிக்கிட்டு வந்திருக்கேன். சொல்லும்மா. எந்த ஊரு? இல்ல, வேற ஒண்ணுக்கும் இல்ல. ரெண்டாவது ஆளு யாருன்னு அவ கேட்டா, மேடைக்கு முன்னாடியே, மைக்கைப் பாக்குறதுக்கு முன்னாடியே, பஸ்ஸுல ஒரு ஆளுகிட்ட இதையேதான் சொன்னேன்னு நான் சொல்லணும்ல. சுகந்தியா. விராலிமலை சுகந்தி. நல்லது. மறந்துருன்னு முதல்ல சொன்னேன்ல, மறக்காத.

ஐயையோ, என்ன இவன் நிறுத்தாமப் போறான்! அந்தா காலேஜு கேட்டு தெரியுது பாரு. கண்டக்டர்! கண்டக்டர் தம்பி! பாட்டுச் சத்தத்துல எங்க கேக்கும் அவனுக்கு. அவுக வேற இன்னும் தூங்குறாக. அந்தப் பையை இப்படிக் கொடு. நீ கொஞ்சம் காதைப் பொத்திக்க தங்கச்சி.

பயந்துட்டியா? நின்னுச்சு பாத்தியா! இன்னும் வருது எனக்கு. விசிலடிச்சு எத்தனை வருசமாச்சு, ஈரமில்லாத விரல்லயே வருது.

அங்க பாரேன், அவுக முழிச்சுட்டாக. யாரு அடிச்சதுன்னு தேடுறாக. கண்டக்டரைப் பாக்குறாக. படியில நிக்கிற பயலுகளைப் பாக்குறாக. பின் சீட்டு வரைக்கும் எட்டி எட்டிப் பாக்குறாக.

என்னைத் தவிர எல்லாரையும் பாக்குறாக.